எம்ஐடி உரிமத்திலிருந்து அப்பாச்சி 2.0-க்கு மாறினால் காப்புரிமச் சிக்கல் தீருமா?

கேள்வி:
வணக்கம். புழக்கத்தில் உள்ள ஒரு நிரல்மொழிக்கு மாற்றுக் கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) ஒன்றை நானும் பதினொரு பங்களிப்பாளர்களும் எழுதி வருகிறோம். அந்த மொழியை உருவாக்கிய நிறுவனத்தின் மூலநிரலை எங்களில் எவரும் பார்த்ததில்லை. வரையறை ஆவணத்தைப் படித்து மட்டுமே எழுதினோம். இதைப் பயன்படுத்த முன்வந்த ஒரு நிறுவனத்தின் சட்டப்பிரிவு, நாங்கள் பயன்படுத்தும் எம்ஐடி என்ற சுருக்கமான திறமூல உரிமத்தில் பேட்டன்ட் அனுமதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. நாங்களே எழுதிய நிரலுக்கு இந்தக் கேள்வி எப்படி எழுகிறது? உரிமக் கோப்பை அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு திறமூல உரிமத்துக்கு மாற்றிவிட்டால் போதுமா?

மறுமொழி 1:
தமிழில் காப்பிரைட், பேட்டன்ட் இரண்டையுமே ‘காப்புரிமை’ என்று எழுதும் வழக்கம் இருப்பதால், முன்னதை (எழுதிய படைப்பின் மீதான உரிமை) பதிப்புரிமை என்றும் பின்னதை (கண்டுபிடிப்பின் மீதான உரிமை) காப்புரிமம் என்றும் பிரித்துக்கொள்கிறேன். பிறர் நிரலைப் பார்க்காமல் எழுதியது பதிப்புரிமை வழக்கில் உங்களுக்கு வலுவான அரண். காப்புரிமத்தில் அந்த அரண் நிற்காது. ஒரு செயல்முறைக்குக் காப்புரிமம் இருந்தால், அதை நீங்களாகவே கண்டுபிடித்திருந்தாலும் மீறல் மீறல்தான்.

ஜாவா நிரல்மொழியின் உரிமையாளரான ஆரக்கிள், கூகுள் மீது அதன் ஆண்ட்ராய்டு தொடர்பாக 2010-இல் தொடுத்த வழக்கில் இரண்டும் சேர்ந்தே வந்தன. ஆரக்கிள் முதலில் 7 காப்புரிமங்களைக் காட்டியது. விசாரணைக்கு எஞ்சியவை 2. அவற்றிலும் மீறல் இல்லை என்று 2012 மே மாதம் நடுவர் குழு கூறிவிட்டது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இழுத்தது பதிப்புரிமைப் பகுதிதான். ஜாவாவின் 37 ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றின் வசதிகளை அழைக்கும் இடைமுகம்) தொகுப்புகளிலிருந்து ஏறத்தாழ 11,500 அறிவிப்பு வரிகளை ஆண்ட்ராய்டு எடுத்துக்கொண்டது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் 6–2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் ஏபிஐ-க்குப் பதிப்புரிமை உண்டா என்ற அடிப்படைக் கேள்வியை அது தீர்க்காமலேயே விட்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ, நிரல்மொழியும் நிரலின் செயற்பாடும் பதிப்புரிமைக்குள் வாரா என்று சாஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் 2012-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

மறுமொழி 2:
எம்ஐடி உரிமத்தில் காப்புரிமம் என்ற சொல்லே கிடையாது. பயன்படுத்தலாம், விற்கலாம் என்று அது சொல்வதிலேயே மறைமுக அனுமதி அடங்கியிருக்கிறது என்று வாதிடும் வழக்கறிஞர்கள் உண்டு. அந்த வாதத்தை நம்பிச் சட்டப்பிரிவுகள் கையெழுத்திடுவது அரிது. அப்பாச்சி 2.0-இன் மூன்றாம் பிரிவு, ஒவ்வொரு பங்களிப்பாளரும் தம் பங்களிப்பைத் தொடும் தம்முடைய காப்புரிமங்களுக்கு அனுமதி தருவதாக வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த மென்பொருள் தம் காப்புரிமத்தை மீறுகிறது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தால், இதற்காக அவர் பெற்ற காப்புரிம அனுமதி அன்றே முடிந்துவிடும்.

இங்கே இரண்டைக் கவனியுங்கள். பங்களிக்காத மூன்றாம் நபரின் காப்புரிமத்திலிருந்து எந்த உரிமமும் உங்களைக் காப்பாற்றாது. மொழியை உருவாக்கிய நிறுவனம் உங்கள் பங்களிப்பாளர் இல்லையென்றால், அது தனியாக ஏதேனும் காப்புரிம வாக்குறுதி அளித்திருக்கிறதா, மொழி வரையறையோடு முழு இணக்கம் போன்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, எம்ஐடி-யின் கீழ் ஏற்கெனவே வந்த பங்களிப்புகளுக்கு, கோப்பை மாற்றுவதால் மட்டும் புதிய அனுமதி பிறந்துவிடாது. எல்எல்விஎம் என்ற திறமூலக் கம்பைலர் திட்டம் 2019-இல் விதிவிலக்குகளுடன் கூடிய அப்பாச்சி 2.0-க்கு மாறத் தொடங்கியபோது, பழைய பங்களிப்பாளர்களின் ஒப்புதலைத் தனித்தனியே திரட்ட வேண்டியிருந்தது இதனால்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒன்பது பேரைத் தொடர்புகொள்ள முடிகிறது. இருவரிடமிருந்து பதிலே இல்லை. ஒன்பது பேரில் மூவர் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள்.

மறுமொழி 2:
அந்த மூவரின் கையெழுத்து மட்டும் போதாமல் போகலாம், ஐயா. பணியாளரின் கண்டுபிடிப்பு பெரும்பாலும் வேலை ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கே சேரும். தம்மிடம் இல்லாத காப்புரிமத்துக்கு அவர் அனுமதி தர இயலாது. ஆகவே அவர்களுடைய நிறுவனங்களிடமும் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். பதில் தராத இருவரின் பகுதிகள் சிறியவையாக இருந்தால் அவற்றைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு புதிதாக எழுதுவது நல்லது. பெரியவையாக இருந்தால் எம்ஐடி அறிவிப்போடு அப்படியே வைத்து, எந்தக் கோப்புகள் என்பதைச் சட்டப்பிரிவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் 2-ஆம் பதிப்பை மட்டும் ஏற்கும் திட்டங்கள் உங்கள் நிரலை இணைத்துக்கொண்டிருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள், அப்பாச்சி 2.0 அந்தப் பதிப்போடு பொருந்தாது, ஜிபிஎல் 3-உடன் பொருந்தும்.

கேட்டவர்:
இருவரின் பகுதிகளும் பிழைச்செய்தி அச்சிடும் இரண்டு கோப்புகளில்தான் இருக்கின்றன. அவற்றைப் புதிதாக எழுதிவிடுகிறோம். மூன்று நிறுவனங்களுக்கும் இன்றே கடிதம் அனுப்புகிறேன்.