ரேடியேட்டர் பொருத்தியும் டூ ஸ்ட்ரோக் ஏடிவியில் பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது: உதவி தேவை

மண்பாதை:
வணக்கம். என் ஏடிவியின் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டரின் மேல்மூடிக்கு, நானே தண்ணீர் ஜாக்கெட் செய்து ரேடியேட்டரும் பொருத்திவிட்டேன். ஆனாலும் முழு வேகத்தில் 15 நிமிடம் ஓட்டினால் இழுவை குறைந்து, பிஸ்டன் பிடித்து இன்ஜின் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது. இதைவிடப் பெரிய ரேடியேட்டர் போட்டால் சரியாகுமா? அவசரம், தயவுசெய்து சொல்லுங்கள்.

ஸ்பேனர்12:
எத்தனை சிசி, ஹெட் மட்டும் தண்ணீரில் குளிர்கிறதா அல்லது சிலிண்டருமா, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை மாற்றினீர்களா, தண்ணீரின் வெப்பத்தை அளந்தீர்களா?

நீலப்புகை:
ஆயில் போதாமல்தான் பிடிக்கிறது. பெட்ரோலும் ஆயிலும் 50:1 கலக்கிறீர்கள் என்றால் உடனே 32:1க்கு மாறுங்கள். அதாவது லிட்டருக்கு 20 மி.லி. போதாது, 31 மி.லி. வேண்டும்.

பிஸ்டன்வளையம்:
ஹெட்டை வெட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இன்ஜினில் என்ன செய்தோம் என்பதையே எழுதாமல் தீர்வு கேட்பவருக்கு யார் என்ன சொல்ல முடியும்? அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கடைசல்:
ஹெட்டைச் சீவியிருந்தால், பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியை விட்டு, மேக்னட்டை (கிராங்க் தண்டின் முனையில் உள்ள சுழல் சக்கரம்) கையால் சுழற்றி, நசுங்கிய நுனியை அளந்து பாருங்கள். பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 மி.மீ. இருக்க வேண்டும். கம்ப்ரஷன் அளவுக்கு மேல் ஏறியிருந்தால் கலவை தானே வெடித்துப் பிஸ்டன் தலையை அரிக்கும்.

மண்பாதை:
மன்னிக்கவும். 200 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிர்வது. ஹெட்டின் ஃபின்களை (காற்றில் குளிர்விக்கும் தகடுகள்) நீக்கி, அலுமினியத் தகட்டை ஆர்கான் வெல்டிங் செய்து ஜாக்கெட் ஆக்கினேன். 12 வோல்ட் பம்ப் ஓடுகிறது. சிலிண்டர் பழையபடியே ஃபின்களோடு இருக்கிறது. ஹெட்டில் 0.8 மி.மீ. சீவி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சரும் போட்டேன். ஜெட் பழையதுதான், ஆயில் 40:1. தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டியதே இல்லை. ரேடியேட்டர் சிலிண்டருக்கு நேர் முன்னால் இருக்கிறது.

ஸ்பேனர்12:
விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. தண்ணீர் 70 டிகிரியில் நிற்கும்போது பிஸ்டன் பிடிக்கிறது என்றால், வெப்பம் தண்ணீர் எட்டாத இடத்தில் சேருகிறது. பிஸ்டன் தன் வெப்பத்தின் பெரும்பகுதியை ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்குத்தான் கொடுக்கிறது. அந்தச் சுவருக்கு இன்னும் காற்று ஒன்றே துணை. அதையும் ரேடியேட்டர் மறைத்து, தன் சூட்டையும் சேர்த்து ஃபின்கள் மீது வீசுகிறது. பெரியதாகப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது ஜெட். புதிய சைலன்சர் கூடுதல் கலவையை இழுக்கும்போது பழைய ஜெட்டில் பெட்ரோல் குறைந்து, எரிப்பு சூடேறுகிறது. ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் வேறு. முழு வேகத்தில் ஓடி த்ராட்டிலை விட்டதும் ஐட்லிங் உடனே இறங்குகிறதா, அல்லது சற்று நேரம் மேலேயே நின்றுவிட்டு இறங்குகிறதா?

நீலப்புகை:
ஆயிலைக் கூட்டினால் இவையெல்லாம் தேவைப்படாது. 32:1 வைத்து எத்தனையோ வண்டிகளைக் காப்பாற்றியிருக்கிறேன்.

பிஸ்டன்வளையம்:
தவறு. ஜெட் வழியாகப் போகும் அளவில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். ஏற்கெனவே பெட்ரோல் குறைந்த இன்ஜினில் அது எதிர்த்திசையில் போவதாகும். இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

நீலப்புகை:
அந்த வேறுபாடு மிகச் சிறியது, ஜெட்டால் சரிசெய்யலாம். ஆனால் சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் அறுந்தால் ஜெட் காப்பாற்றாது. தொடர்ந்து அதிக வேகத்தில் சுழலும் இன்ஜினுக்குக் கூடுதல் ஆயில் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கடைசல்:
இருவர் சொல்வதும் உண்மையே, ஆனால் 40:1ல் இருப்பவருக்கு அது முதல் வேலை அல்ல. பிஸ்டனில் கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

மண்பாதை:
கீறல் எக்ஸாஸ்ட் பக்கம். ஐட்லிங் மேலேயே நின்று மெதுவாகத்தான் இறங்குகிறது.

ஸ்பேனர்12:
அப்படியென்றால் காற்றுக் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் மேலேறும்போது அதன் கீழுள்ள கிராங்க் கேஸில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அந்த நேரத்தில் கிராங்க் தண்டின் தேய்ந்த சீல் காற்றை உள்ளே விடுகிறது. கார்புரேட்டரை அறியாத அந்தக் காற்றுக்கு எந்த ஜெட்டும் பெட்ரோல் கொடுக்காது. இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்குகிறதா என்று பாருங்கள். மேக்னட்டைக் கழற்றி அதன் பின்னாலுள்ள சீல், இன்டேக் ரப்பர், அடி கேஸ்கெட் ஆகியவற்றில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இதை முடிக்காமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள். அடுத்த முறை கனெக்டிங் ராடும் போய்விடலாம்.

மண்பாதை:
மேக்னட் பக்கச் சீலில் குமிழி வந்தது. மாற்றிவிட்டேன். ரேடியேட்டரை ஹேண்டில்பார் அருகே உயர்த்திவிட்டேன், ஜெட் இரண்டு அளவு பெரியது. இன்று 40 நிமிடம் ஓடியது. நன்றி.

கடைசல்:
மகிழ்ச்சி. ஈயக் கம்பி அளவு எவ்வளவு வந்தது? கீறிய பிஸ்டனையே மறுபடி போட்டீர்களா?

ஸ்பேனர்12:
ஜாக்கெட்டின் உச்சியில் காற்று தங்காமல் வெளியேற்றினீர்களா என்பதையும் சொல்லுங்கள். ரேடியேட்டரை உயர்த்தியபோது குழாய் எங்காவது மேலேறி இறங்கினால் அந்த வளைவிலும் காற்று நிற்கும்.