வேகமா, பராமரிப்பா? ரயில் பாதையில் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். ராமேஸ்வரம் என் அம்மாவின் ஊர். சின்ன வயதில் பாம்பன் பாலம் வந்துவிட்டால் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். கிட்டத்தட்ட நடை வேகத்தில் போகும், கீழே கடல், எட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, காத்திருக்க வேண்டியதுதான். 1914-ல் திறந்த பாலம் அது. 1964 டிசம்பர் புயலில் மேலிருந்த இரும்புக் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் மறுபடி ரயில் ஓட வைத்தார். அப்படிப்பட்ட பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள்.

அடுத்த பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விடியாத நேரம், கடலுக்கு இந்தப் பக்கம் மண்டபம் ஸ்டேஷனோடு ரயில் சரி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. பெட்டியின் படியிலிருந்து நடைமேடைக்குக் காலை எட்டி வைக்கவே ஒரு நிமிடம் ஆனது. ஒரு கையில் என் தோள், இன்னொரு கையில் கட்டைப்பை, அப்படியே நடந்து போய் பஸ் பிடித்தோம். பஸ் ரோட்டுப் பாலத்தில் ஏறியதும் அம்மா, பக்கத்தில் சும்மா நிற்கும் ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. 2019-லேயே அடிக்கல் நாட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல்தான் திறந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்கு ரயில் கிடையாது. அதே சமயத்தில்தான் கோவை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று வரிசையாக வந்தே பாரத் வந்தது. அதைக் குறை சொல்லவில்லை, கோவைக்கு நானே போயிருக்கிறேன், நல்ல வண்டி. ஆனால் 180-ல் ஓடக்கூடிய வண்டியை வாங்கி வைத்தாலும் தண்டவாளம் விடுகிற வேகத்தில்தானே ஓட முடியும்?

இது எனக்குப் புரிந்தது ஒரு கீமேனால், தண்டவாளத்தை நடந்தே சோதிக்கிற ஊழியர். போன வருடம் திருச்சியைத் தாண்டி ஒரு பொட்டல்வெளியில் வண்டி நின்றுவிட்டது. கதவோரம் வந்து நின்றேன். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒருவர் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைத் தட்டிக்கொண்டே வந்தார். இறுக்கமாக இருந்தால் ‘ணங்’கென்று கேட்கிறது. ஒன்று மட்டும் ‘டொக்’ என்றது. அவர் குனிந்து அதை அடித்து உள்ளே ஏற்றி, திரும்பத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். “ஏண்ணே நிக்குது?” என்றேன். “முன்னாடி காஷன் தம்பி. வெல்டு விட்டிருக்கு, பிளேட் போட்டுக் கட்டியிருக்கோம். இருபதுலதான் விடுவாங்க.”

காஷன் என்றால் அந்த இடத்தை மெதுவாகத்தான் கடக்கவேண்டும் என்ற உத்தரவு. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டரை 110-ல் கடக்க அரை நிமிடம் போதும், 20-ல் போனால் மூன்று நிமிடம். கடைசிப் பெட்டியும் தாண்டும் வரை வேகம் எடுக்க முடியாது. அப்புறம் பிரேக் பிடிக்கிற நேரம், மறுபடி வேகம் எடுக்கிற நேரம். வழியில் இப்படி ஐந்து காஷன் இருந்தால், புது வண்டி மிச்சம் பிடித்துத் தருகிற நேரம் அதிலேயே கரைந்துவிடும். பழைய பாதையைச் சரிசெய்வதே வேகம்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பாதுகாப்புக்கு ஐந்து வருடத்தில் ஒரு லட்சம் கோடி வேண்டும் என்று ரயில்வே அமைத்த காகோட்கர் கமிட்டி 2012-லேயே சொன்னது. அந்த அளவில் ஒரு நிதியை 2017-ல்தான் அறிவித்தார்கள். மும்பை-அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அதே வருடம் அடிக்கல் வைத்தார்கள், அந்த ஒரு தடத்துக்கு மட்டும் அப்போதைய மதிப்பீடு சுமார் 1.08 லட்சம் கோடி. அதில் பெரும்பகுதி ஜப்பான் கடன்தான், சரி. ஆனாலும் எது முதலில் என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

—

தம்பி, நான் இருபத்தொன்பது வருடம் டிராக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ‘டொக்’ சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களே, சந்தோஷம். வெயிலில் தண்டவாளம் நீண்டு கோணிக்கொள்ளும், குளிரில் சுருங்கி வெல்டில் முறியும். அதனால் எங்களுக்கு மார்கழி, தை விடியற்காலைதான் பயம். ஒரு தை மாதம், பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை, டார்ச் அடித்தால் தண்டவாளத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாய் பிளந்திருக்கிறது. வண்டி வரும் பக்கம் 600 மீட்டரில் பேனர் கொடி கட்டவேண்டும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று டெட்டனேட்டர் வைக்கவேண்டும், சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். ஜல்லியில் ஓடிப் பார்த்தால்தான் 1200 மீட்டர் என்றால் என்ன என்று தெரியும். ஓடினேன், வைத்தேன், வெடித்தது, வண்டி நின்றது. லோகோ பைலட் இறங்கி வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடிக்க முடியவில்லை, கை அவ்வளவு நடுங்கியது.

வண்டிகள் கூடிக்கொண்டே போவதால் எங்களுக்கு வேலை செய்ய இடைவெளி குறைகிறது, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. மூன்று மணி நேரம் லைன் பிளாக், அதாவது வண்டி விடாமல் பாதையை எங்களிடம் தரச்சொல்லி, கேட்டால் ஒன்றரை கிடைக்கும். அதற்குள் பழைய தண்டவாளத்தைக் கழற்றி, புதியதைப் போட்டு, பூட்டி, ஜல்லி தள்ளி, லைனைக் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் செய்கிற ரிப்பேரும் ஆபத்துதான். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு வண்டியில் மோதி 290 பேருக்கு மேல் செத்தார்களே, வேகத்தால் வந்ததில்லை அது. சிக்னலில் ரிப்பேர் வேலை நடந்தபோது வயரை மாற்றி இணைத்ததுதான் காரணம் என்று விசாரணையில் வந்தது.

—

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் அரியலூர் பக்கம். 1956 நவம்பர் 23 விடியற்காலை மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றைம்பது பேர் அளவில் இறந்தார்கள், ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாட்டிக்கு மந்திரி கதையெல்லாம் தெரியாது. ஆற்றில் மிதந்து வந்த டிரங்குப் பெட்டிகளைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து லைன் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் ராத்திரியில் ஒரு டார்ச் வெளிச்சம் மெதுவாக நகர்ந்து போகும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும். அது திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் பாட்டி படுக்கப் போவார். இப்போது நான் பார்க்கிறேன்.