புதுப்பிப்பு: சோலெஸ்கி பாதியில் நின்ற சமச்சீர் அணி

போன இழையில் நான் கேட்டது இதுதான்: அணி சமச்சீர், உறுப்புகள் எல்லாம் மிகை எண்கள். அப்படியும், அணியை ஒரு கீழ் முக்கோண அணி, அதன் நிரை-நிரல் மாற்று அணி இரண்டின் பெருக்கலாகப் பிரிக்கும் சோலெஸ்கி முறை ஏன் பிழை காட்டி நிற்கிறது? பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி, விஷயம் பிடிபட்டுவிட்டது.

பெரிய அணியை ஓரம் கட்டிவிட்டு, முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 1 என்று ஒரு குட்டி அணியைக் கையால் போட்டுப் பார்த்தேன். முதலில் 1 வருகிறது, அதன் கீழே 2. அடுத்து 1-இலிருந்து 2-இன் வர்க்கம் 4 கழிய, −3-க்கு வர்க்கமூலம் எடுக்கச் சொல்கிறது. அங்கேயே முட்டிக்கொள்கிறது. இதன் ஐகன் மதிப்புகள் (சில திசைகளை மட்டும் அணி திருப்பாமல் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்கள்) 3, −1. உறுப்புகள் மிகையாக இருப்பது வேறு, ஐகன் மதிப்புகள் மிகையாக இருப்பது வேறு; சோலெஸ்கிக்கு வேண்டியது இரண்டாவது.

வர்க்கமூலமே எடுக்காமல், நடுவில் ஒரு மூலைவிட்ட அணியை வைத்துப் பிரிக்கும் எல்-டி-எல் வடிவில் இதே அணி சிக்கலில்லாமல் பிரிகிறது. நடு அணியின் மூலைவிட்டத்தில் 1, −3. எண்கள் வேறானாலும் ஒரு மிகை, ஒரு குறை என்ற கணக்கு ஐகன் மதிப்புகளோடு ஒத்துப்போகிறது. 1852-இல் கணிதவியலாளர் சில்வெஸ்டர் சொன்ன விதி இது. ஐகன் மதிப்பைக் கணக்கிடாமலே எத்தனை குறை எண்கள் என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய லாபம்!

மூலைவிட்டத்தில் 0, 0, மற்ற இரண்டும் 1 என்றால் எல்-டி-எல்லும் படுத்துவிடும். நிரையையும் நிரலையும் சேர்த்து இடம் மாற்றினாலும் பயனில்லை. 2×2 கட்டமாகவே எடுத்துக்கொள்ளும் பன்ச்–காஃப்மன் முறை (1977) அதற்குத்தான்.

சோலெஸ்கியைக் கைவிடவில்லை. எந்தச் சதுர அணிக்கும் பொதுவாகப் பயன்படும் எல்-யு (கீழ், மேல் முக்கோண அணிகளாகப் பிரிக்கும்) முறையில் பாதி வேலைதான் இதற்கு. முதலில் சோலெஸ்கியை ஓட்டுகிறேன், நின்றால் மட்டும் எல்-டி-எல் வழி.