க்ளீவ்: வெட்டவா, ஒட்டவா?

தங்கச்சி கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் ஆதியாகமம் 2:24 போட்டே ஆக வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம், அதுவும் 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில்தான் வேண்டுமாம். சரி என்று பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அங்கே டிசைன் பண்ணுகிற பையன் போன் பண்ணினான். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இதுல க்ளீவ்னு ஒரு வார்த்தை இருக்கு, போன்ல போட்டுப் பாத்தா பிளக்குறது, வெட்டுறதுன்னு வருது. பொண்டாட்டிய வெட்டுவான்னா போடப் போறோம்?"

தமிழ் வேதாகமத்தில் அதே இடம் "தன் மனைவியோடே இசைந்திருப்பான்". எனக்கும் பதில் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து தேடியதில்தான் தெரிந்தது, இது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு க்ளேயொவன், ஒட்டிக்கொள்வதற்கு க்ளிஃபியன் என்று தனித்தனி வினைகள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் க்ளீபென் என்றால் பிளப்பது, க்ளேபென் என்றால் ஒட்டுவது என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வாயில் தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. கூத்து என்னவென்றால், அதே கிங் ஜேம்ஸில் ஆபிரகாம் தகனபலிக்கு விறகு பிளந்ததற்கும் க்ளேவ் (க்ளீவின் பழைய இறந்தகாலம்), ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்டதற்கும் க்ளேவ்! இப்படி வேறு யாராவது மாட்டியிருக்கிறீர்களா?

* * *

நான் மாட்டினது இதன் சொந்தக்காரனிடம். முதல் வேலை, பெங்களூர் ரூம், பாஸ்தா செய்து அசத்தலாம் என்று இறங்கினேன். குறிப்பில் நாலு க்ளோவ் நசுக்கிப் போடு என்று இருந்தது. பிரியாணிக்குப் போடுகிற கிராம்புதானே என்று நாலையும் அம்மியில் வைத்து... வேண்டாம் விடுங்க. ரூம்மேட்டுக்கு நாக்கு மரத்துப்போய் பல் டாக்டரிடம் போய்வந்தவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். அவர்கள் கேட்டது பூண்டுப் பல். அந்த க்ளோவ் 'பிளக்கிற' க்ளீவுக்குச் சொந்தம், பிளந்து பிளந்து எடுக்கிறோமே, அதனால். கிராம்பு க்ளோவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, அது ஆணிக்குப் பிரெஞ்சில் சொல்லும் க்ளூவிலிருந்து வந்தது. ஒரு கிராம்பை எடுத்துப் பாருங்கள், கொண்டையும் தண்டுமாக ஆணியேதான்.

* * *

நான் ஃபைபர் கேபிள் வேலையில் இருக்கிறேன், எங்களுக்கு க்ளீவர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கசாப்புக் கடையில் எலும்பு வெட்டுகிற கத்திக்கும் அதே பேர்தான், எங்களுடையது உள்ளங்கையில் அடங்கும். இழையின் மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, க்ளீவரில் வைத்து அழுத்தினால் பிளேடு லேசாக ஒரு கீறல்தான் போடும், கண்ணாடி அந்த இடத்தில் டக்கென்று நேராக முறியும். கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. முனை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், இழைகளை ஒட்டவைக்கிற ஸ்ப்ளைசிங் மெஷின் திரையில் காட்டிக்கொடுத்துவிடும், திரும்ப உரி, திரும்பத் துடை. மழையில் கம்பத்தடியில் ஒருத்தன் குடை பிடிக்க இதை நாலாவது தடவை செய்யும்போது வருகிற கோபத்தை எழுத முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் மின்பொறியில் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆக வெட்டுகிற க்ளீவை முடித்தால்தான் ஒட்டுகிற க்ளீவ்.

* * *

ரொம்பச் சிரிக்காதீர்கள். நம்ம 'அணை' மட்டும் என்னவாம்? விளக்கை அணை, பிள்ளையை அணை. தமிழ் படிக்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதை என்னிடம் கேட்டபோது நானும் அந்த அச்சகத்துப் பையன் மாதிரிதான் முழித்தேன். அது சரி, பத்திரிகை என்ன ஆச்சு?

* * *

அப்பாதான் ஜெயித்தார், க்ளீவ் அப்படியே அச்சானது. ஐந்நூறு பத்திரிகை கொடுத்தோம், ஒருத்தர்கூட அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.