ஆன்லைன் கோர்ஸ் எடுத்தவங்க, எடுக்க வெச்சவங்க: உங்க அனுபவம் சொல்லுங்க

காட்பாடி டீச்சர்:
போன வருஷம் என்பிடிஇஎல் (ஐஐடிங்க சேர்ந்து நடத்துற ஆன்லைன் பாடம்), 12 வாரக் கோர்ஸ். வாராவாரம் அசைன்மென்ட் பதிலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது நான்தான். எத்தனை பேர் பாஸ்னு மேலே கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பரீட்சை முடிஞ்சு அணைக்கட்டு ஊர்ப் பையன் ஒருத்தன் வெளியே வந்தான். "அசைன்மென்ட்ல 25க்கு 25 மேடம். உள்ள முதல் கேள்வியே இன்னா கேக்குறாங்கன்னு புரியல." என் மேல கோபமே இல்ல அவனுக்கு. "ஃபீஸ் 1000 ரூபா அம்மா பீடி சுத்துன காசு மேடம்"னு சொல்லிக்கிட்டே ஹால் டிக்கெட்டை நாலா, எட்டா மடிச்சான். பிரிச்சான். திரும்ப மடிச்சான்.

ஆற்காடு, ரெண்டாம் வருஷம்:
மேடம், தப்பா நினைக்காதீங்க, பதில் தரலன்னா எங்க கிளாஸ்ல பாதிப் பேர் தொடவே மாட்டாங்க. எங்க சார் ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு மெசேஜ் போடுவார்: "எங்க நின்ன?" நான் "வாரம் 4, 17வது நிமிஷம், பாயின்டர்"னு (புரோகிராமிங்ல வர்ற ஒரு விஷயம்) அனுப்பினேன். "இன்னா புரியலன்னு ஒரே வரியில எழுது"ன்னார். வாலாஜா பஸ்ல நின்னுக்கிட்டே டைப் பண்ணேன். அடிச்சு அடிச்சு எழுதுறதுக்குள்ள பாதி புரிஞ்சுபோச்சு.

குடியாத்தம் அண்ணன்:
ஆற்காடு தம்பி, பதில் கொடுத்தா தொட்டுடுவாங்கன்றத என்னால ஏத்துக்க முடியல. காப்பி அடிக்கிறது தொடுறதா? நானும் ரெண்டு கோர்ஸ் பாதியில விட்டவன், மூணாவதுலதான் தேறினேன். கணக்கைப் பாருங்க. 12 அசைன்மென்ட்ல நல்லா வந்த 8 தான் எடுத்துக்குவாங்க, அதுக்கு 25 மார்க். பரீட்சைக்கு 75, அதுல 30 வாங்கியே ஆகணும். அசைன்மென்ட்ல முழு மார்க் இருந்தும் பரீட்சையில 29னா சர்டிபிகேட் கிடையாது. அப்போ நாலு வாரம் தப்பாப் போனாலும் நஷ்டமில்ல, விடுங்க, தப்பு பண்ணட்டும். கடைசித் தேதி வரைக்கும் பதிலை மாத்தி மாத்திப் போடலாம். முதல்ல வீடியோ பார்க்காம போடச் சொல்லுங்க, பார்த்துட்டுத் திருத்தச் சொல்லுங்க. விடை வந்ததும் எது தப்பு, ஏன் தப்புன்னு நோட்டுல எழுத வையுங்க. வீட்டுல போன் எத்தனை மணிக்குக் கைக்கு வரும்னு முதல் வாரமே கேளுங்க. அந்த நேரத்தைப் பையனே குறிக்கணும், நீங்க குறிக்காதீங்க.

காட்பாடி டீச்சர்:
அந்த அணைக்கட்டுப் பையன் ஜூலையில அதே கோர்ஸ்ல மறுபடி சேர்ந்திருக்கான். ஆற்காடு தம்பி, உங்க சார் கேட்டதையே நேத்து கேட்டேன். "வாரம் 2, 9வது நிமிஷம் மேடம்"னு வந்துச்சு. விளக்கம் முழுசா டைப் பண்ணிட்டேன். அனுப்பாம அழிச்சுட்டு, "இன்னா புரியல, ஒரே வரியில எழுதுப்பா"ன்னு போட்டேன். ராத்திரி 11 மணி வரைக்கும் "டைப்பிங்"னு வர்றதும் போறதுமா இருந்துச்சு.