இட்லி வருகிறது, தோசை வரவில்லை: பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் வருவது ஏன்?

அடுப்பங்கரை
இரவு 10:52

வணக்கம். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டை ஒரு சின்னத் தளமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 112 குறிப்புகள். ரியாக்ட், வியூ போன்ற ஃபிரேம்வொர்க் எதுவும் கிடையாது, வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சிங்கிள் பேஜ் ஆப், அதாவது பக்கம் முழுசாக மாறாமல் நடுப்பகுதி மட்டும் மாறும் தளம். இடது பக்கம் பட்டியல் இருக்கும். ஒரு பெயரைத் தட்டினால் அந்தக் குறிப்பின் எச்டிஎம்எல் துண்டை 'பகுதி' ஃபோல்டரிலிருந்து ஃபெட்ச் மூலம் எடுத்து, நடுவில் இருக்கும் கட்டத்துக்குள் இன்னர்எச்டிஎம்எல் வழியாகப் போடுகிறேன். முகவரியை புஷ்ஸ்டேட் மாற்றிவிடும். பின்செல்லும் பட்டனும் ஒழுங்காக வேலை செய்கிறது.

பிரச்சினை இதுதான். இட்லியைத் தட்டினால் இட்லி வருகிறது. தோசையைத் தட்டினால் தோசைக்குப் பதிலாக முழுத் தளமும் மறுபடி நடுக்கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலே ஒரு தலைப்பு, அதற்குக் கீழே இன்னொரு தலைப்பு, பட்டியலுக்குப் பக்கத்தில் குட்டிப் பட்டியல். என் மேக்கில் தட்டிப் பார்த்தவை எல்லாம் சரியாக வருகின்றன. சர்வரில் ஏற்றிய பிறகு 31 குறிப்புகள் இப்படி ஆகின்றன. கன்சோலில் ஒரு சிவப்பு வரி கூட இல்லை. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

குமிழ்
இரவு 11:04

கேஷாக இருக்கும், பிரவுசர் சேமித்து வைத்த பழைய பிரதி. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்திப் பாருங்கள்.

அடுப்பங்கரை
இரவு 11:06

பார்த்துவிட்டேன். இன்காக்னிட்டோ, அம்மாவின் போன், பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கணிக்கிறுக்கன்
இரவு 11:15

லோக்கலில் வருகிறது, சர்வரில் வரவில்லை என்றால் நான் முதலில் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைத்தான் பார்ப்பேன். மேக், விண்டோஸ் இரண்டும் பொதுவாக அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் விடாது. ஃபைல் பெயர்கள் எப்படி இருக்கின்றன?

அடுப்பங்கரை
இரவு 11:19

பெயர்கள் எல்லாம் தமிழில், அதனால் பெரிய எழுத்துப் பேச்சுக்கே இடமில்லை அண்ணா. முகவரியிலும் தமிழ்தான் தெரிய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

குமிழ்
இரவு 11:21

அப்போ அதுதான் காரணம். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் இப்படித்தான். ஆங்கிலத்தில் வையுங்கள், முடிந்தது.

நள்ளிரவு நிரலர்
இரவு 11:38

தமிழ்ப் பெயர் மட்டும் காரணம் என்றால் இட்லியும் வந்திருக்கக் கூடாதே. மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நோயைப் பார்ப்போம்.

அடுப்பங்கரை, இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, டெவ் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து தோசை, பொங்கல் என்று வராதவற்றை வரிசையாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன ஸ்டேட்டஸ், எவ்வளவு அளவு என்று பாருங்கள். இரண்டு, வருபவை பத்து, வராதவை பத்து, பெயரை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

அடுப்பங்கரை
இரவு 11:51

ஸ்டேட்டஸ் எல்லாம் 200, அதாவது 'சரி'. அளவைப் பார்த்ததும்தான் திக்கென்றது. தோசை 6.2 கேபி, பொங்கல் 6.2 கேபி, மோர்க்குழம்பும் 6.2 கேபி. இட்லி 1.8, ரசம் 2.3.

வருபவை: இட்லி, ரசம், வடை, அதிரசம், முறுக்கு, அடை, வத்தக்குழம்பு, தயிர் சாதம், சேமியா பாயசம், வெண்டைக்காய் பச்சடி.

வராதவை: தோசை, வெண்பொங்கல், கொழுக்கட்டை, மோர்க்குழம்பு, சொதி, புளியோதரை, போளி, பொரிவிளங்காய் உருண்டை, கோதுமை அல்வா, கௌனி அரிசி.

கணிக்கிறுக்கன்
இரவு 11:58

எல்லாம் 6.2 என்றால் அது உங்கள் இன்டெக்ஸ், அதாவது தளத்தின் முதல் பக்கம்தான். சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் ட்ரை ஃபைல்ஸ் வரி போட்டிருக்கிறீர்களா? கேட்ட ஃபைல் இல்லையென்றால் இன்டெக்ஸைக் கொடு என்று?

அடுப்பங்கரை
நள்ளிரவு 12:01

ஆமாம், போட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் குறிப்பைத் திறந்து வைத்து ரிஃப்ரெஷ் செய்தால் 'இல்லை' என்று 404 வருகிறதே. ஆனால் தோசை ஃபைல் சர்வரில் இருக்கிறது! என் கண்ணால் பார்க்கிறேன்.

நள்ளிரவு நிரலர்
நள்ளிரவு 12:24

இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் தோசை அதுவல்ல.

உங்கள் வராத பட்டியலை வாய்விட்டுப் படியுங்கள். தோ, பொ, கொ, மோ, சொ, யோ, போ, கோ, கௌ. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்து ஒன்றாவது எல்லாவற்றிலும் இருக்கிறது. வருகிற பட்டியலில் ஒன்றில் கூட இல்லை. சேமியாவில் இரட்டைக்கொம்பு இருக்கிறது, வெண்டைக்காயில் ஒற்றைக்கொம்பு இருக்கிறது, இரண்டும் வருகின்றன. கொம்போடு வலது பக்கத்தில் துணைக்காலோ, ஔகாரத்தின் ள போன்ற குறியோ சேர்ந்து வரும் இடத்தில்தான் உடைகிறது.

யூனிகோடில் 'தோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். தகரத்துக்குப் பிறகு ஓகாரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம். அல்லது தகரம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. முதல் வடிவத்துக்கு என்எஃப்சி என்று பெயர், பிரித்ததற்கு என்எஃப்டி. நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தைத்தான் தரும்.

உங்கள் மேக் பழசு என்று நினைக்கிறேன். 2017-இல் ஹை சியராவோடு ஏபிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வருவதற்கு முன்பு மேக்கில் இருந்தது எச்எஃப்எஸ் பிளஸ். அது நீங்கள் எப்படித் தட்டினாலும் ஃபைல் பெயரைப் பிரித்துத்தான் டிஸ்கில் எழுதும். தேடும்போது இரண்டு வடிவத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் கணினியில் தோசையும் பொங்கலும் வந்தன. லினக்ஸுக்கு ஃபைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பட்டியலில் நீங்கள் தட்டிய தோசை 12 பைட், சர்வரில் கிடக்கும் தோசை 15 பைட். 12 பைட் தோசையைக் கேட்கிறீர்கள், அப்படி ஒன்று அங்கே இல்லை, ட்ரை ஃபைல்ஸ் இன்டெக்ஸை நீட்டுகிறது. 200 என்று சொல்லித்தான் நீட்டுகிறது, அதனால் ஃபெட்சும் சந்தேகப்படவில்லை, கன்சோலும் கத்தவில்லை.

சோதித்துப் பாருங்கள்: கன்சோலில் பட்டியலில் உள்ள பெயரின் லெங்த் (எத்தனை குறிகள்) என்ன, சர்வரிலிருந்து காப்பி செய்த பெயரின் லெங்த் என்ன?

அடுப்பங்கரை
நள்ளிரவு 12:33

4, 5.

ஐயோ. ஆமாம், அக்காவின் 2012 மேக்புக். ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியில் ஏற்றினேன்.

நள்ளிரவு நிரலர்
நள்ளிரவு 12:47

சரி, அப்போ சர்வரிலேயே சரிசெய்யுங்கள். மேக்கில் பெயரை மாற்றிப் புண்ணியமில்லை, அந்த டிஸ்க் மறுபடி பிரித்துவிடும். சர்வரில் கன்வ்எம்வி என்ற கருவியை நிறுவி, 'பகுதி' ஃபோல்டரில் யூடிஎஃப்-8-லிருந்து யூடிஎஃப்-8-க்கே, என்எஃப்சி தேர்வோடு ஓட்டுங்கள். முதலில் ஒத்திகை மட்டும்தான் காட்டும். பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு நோடெஸ்ட் தேர்வையும் சேர்த்தால்தான் நிஜமாகவே பெயர் மாறும்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் ஒரு காவல் போடுங்கள். முகவரியிலிருந்து பெயரை எடுத்ததும், ஃபெட்சுக்குக் கொடுப்பதற்கு முன், நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி என்று கொடுத்துவிடுங்கள். 2015 பதிப்பிலிருந்தே மொழியோடு வருவது, தனி லைப்ரரி வேண்டாம். யாராவது வாட்ஸாப்பில் பிரிந்த வடிவில் லிங்க் அனுப்பினாலும் திறக்கும்.

அடுத்த முறை ஏற்றும்போது இதே கூத்து நடக்கும், கவனம். ஆர்சிங்க்கில் ஐகான்வ் தேர்வு இருக்கிறது, ஏற்றும்போதே மாற்றிவிடும். ஆனால் அது 3.0-இல் வந்தது, அந்தக் காலத்து மேக்கோடு வந்தது 2.6.9. புதிதாக நிறுவ வேண்டும். பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கிட் வழியாகப் போனால் இந்தத் தலைவலி இல்லை, மேக்கில் அதுவே பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

கணிக்கிறுக்கன்
நள்ளிரவு 12:55

அருமை, எனக்கே புதுசு. ஆனால் பெயர் சரியானாலும் அந்த ட்ரை ஃபைல்ஸை அப்படியே விட்டுவைக்காதீர்கள். 'பகுதி' ஃபோல்டருக்கு மட்டும் என்ஜின்எக்ஸில் தனி லொகேஷன் விதி போட்டு, இல்லாத ஃபைலுக்கு 404 கொடுக்கச் சொல்லுங்கள். இன்டெக்ஸைத் திருப்பித் தருவது மனிதர் திறக்கும் முகவரிகளுக்குத்தான், ஃபெட்ச் கேட்கும் துண்டுகளுக்கு அல்ல. கூடவே ரெஸ்பான்ஸில் ஓகே என்ற பண்பைப் பார்த்துவிட்டுக் கட்டத்தில் போடுங்கள். 404 வந்தாலும் ஃபெட்ச் தானாகப் பிழை எறியாது.

குமிழ்
நள்ளிரவு 12:58

என் மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. உள்ளே வந்து உட்கார்ந்தது முழு இன்டெக்ஸ் என்றால், அதிலிருக்கும் ஸ்கிரிப்டும் ஓடி, அது மறுபடி தோசையைக் கேட்டு, தலைப்புக்குள் தலைப்பு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டாமா? ஏன் இரண்டோடு நின்றது?

நள்ளிரவு நிரலர்
நள்ளிரவு 1:06

நல்ல கேள்வி. இன்னர்எச்டிஎம்எல் வழியாக உள்ளே போகும் ஸ்கிரிப்ட் டேக் ஓடாது, விதியே அப்படி. அது காப்பாற்றியிருக்கிறது.

அடுப்பங்கரை
நள்ளிரவு 1:09

ஒரு நிமிடம். சில குறிப்புகளில் 'எத்தனை பேருக்கு' என்று ஒரு பட்டன் உண்டு, தட்டினால் அளவு மாறும். துண்டு ஃபைலைத் தனியாகத் திறந்தால் வேலை செய்கிறது, தளத்துக்குள் செய்வதில்லை. அதற்கான ஸ்கிரிப்டை அந்தந்தத் துண்டிலேயே எழுதியிருக்கிறேன். அப்போ அதுவும் இதனால்தானா?!

நள்ளிரவு நிரலர்
நள்ளிரவு 1:14

அதேதான். துண்டிலிருந்து ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு, நடுக்கட்டத்தின் மீது கிளிக்கைக் கவனிக்கும் ஒரே ஒரு கிளிக் லிசனர் போடுங்கள். கிளிக் மேலேறி அங்கே வந்து சேரும், தட்டியது அந்தப் பட்டனா என்று குளோசஸ்ட் கொண்டு பாருங்கள். உள்ளே குறிப்பு எத்தனை முறை மாறினாலும் கட்டம் மாறாது, லிசனரும் போகாது. அளவுகளை டேட்டா பண்புகளாகத் துண்டில் எழுதினால் போதும்.

அடுப்பங்கரை
காலை 7:40

தூங்கி எழுந்து செய்தேன். தோசை வந்துவிட்டது! பொங்கல், சொதி, புளியோதரை எல்லாம் வந்துவிட்டன. பட்டனும் வேலை செய்கிறது. 31-இல் 30 சரி.

கௌனி அரிசி மட்டும் வரவில்லை. இப்போது ஒழுங்காக 404 என்று சொல்கிறது. கன்வ்எம்வியை மறுபடி ஓட்டினேன், மாற்ற எதுவும் இல்லை என்கிறது. 'கௌனி' என்ற சொல்லுக்கு பட்டியலில் லெங்த் 4, சர்வரில் இன்னும் 5. பிரிந்தே கிடக்கிறதே?

நள்ளிரவு நிரலர்
காலை 8:25

அது பிரிந்த ஔகாரம் இல்லை என்று நினைக்கிறேன். சர்வரில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றாவதாக என்ன இருக்கிறது?

அடுப்பங்கரை
காலை 8:31

ள. முழு ளகரம். யாரோ 'கெ' போட்டு 'ள' போட்டிருக்கிறார்கள்.

நள்ளிரவு நிரலர்
காலை 8:33

நினைத்தேன். கண்ணுக்கு ஔகாரம் போலவே இருக்கும், ஆனால் யூனிகோடைப் பொறுத்தவரை அது 'கெளனி', வேறு சொல். எந்த நார்மலைசும் அதைத் தொடாது. கையால்தான் திருத்த வேண்டும். குறிப்புகளின் உள்ளேயும் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் நாளைக்குத் தேடல் பெட்டி வைக்கும்போது மறுபடி இங்கே வருவீர்கள்.

அடுப்பங்கரை
காலை 8:52

தேடினேன். 'கெளனி' நான்கு இடம், 'பெளர்ணமி' இரண்டு இடம். நோட்டைத் தட்டச்சு செய்தது அக்கா. கேட்டால், "ளவும் அதுவும் ஒண்ணுதானே, படிக்க முடியுதுல்ல?" என்கிறாள். திருத்திவிட்டேன். 112-ம் வருகின்றன. எல்லோருக்கும் நன்றி.

கணிக்கிறுக்கன்
காலை 9:10

மகிழ்ச்சி. அந்தச் சொதிக் குறிப்பின் லிங்கை மட்டும் இங்கே போட்டுவிட்டுப் போங்கள்.