பல் பிடுங்க நிறுத்திய மாத்திரை

தஞ்சாவூர் மகள்:

அப்பாவுக்கு முதல் ஸ்ட்ரோக் வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. வலது கையில் கொஞ்சம் பலவீனம். மற்றபடி சட்டை பட்டனைத் தானே போட்டுக்கொள்வார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆஸ்பிரின் 75, ஒரு கொழுப்பு மாத்திரை. அப்போதுதான் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. பிடுங்கப் போன இடத்தில், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா? ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். நாங்கள் மறுபேச்சு பேசவில்லை. பல்லும் எடுத்தாயிற்று, ரத்தமும் அதிகம் வரவில்லை. மறுபடி எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து, காலையில் காபி டம்ளர் அப்பா கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், வாய் இடது பக்கம் இழுத்திருக்கிறது. என் பெயரைச் சொல்லப் பார்க்கிறார், வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து துணி எடுக்கும்போதுதான் பார்த்தேன். நிறுத்திய மாத்திரையை வீணாக்கக் கூடாது என்று அம்மா தினமும் ஒவ்வொன்றாக ஒரு சம்படத்தில் எடுத்து வைத்திருந்தார். எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது.

நிறுத்தியதால்தான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பன்னிரண்டு என்ற அந்த எண்ணிக்கை மனதை விட்டுப் போகவே இல்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

பல் மருத்துவர்:

படிக்கிற காலத்தில் எனக்கும் "நிறுத்திவிட்டுப் பிடுங்கு" என்றுதான் சொல்லித் தந்தார்கள். அது தப்பு என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. நெடுநாளாக ஆஸ்பிரின் சாப்பிட்டும் ஸ்ட்ரோக்கோ, சீக்கிரமே சரியாகிவிடும் மினி ஸ்ட்ரோக்கோ வந்த 309 பேரையும், அதே மாத்திரை சாப்பிட்டு அண்மையில் ஸ்ட்ரோக் வராத 309 பேரையும் ஒப்பிட்டார்கள். முந்தைய நான்கு வாரத்தில் மாத்திரையை நிறுத்தியிருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 13 பேர், இரண்டாவதில் 4 பேர். கணக்குப் போட்டால் ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல். எண்ணிக்கை சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதைப் படித்த பிறகு "நிறுத்துங்கள்" என்று எழுத என் கை வரவில்லை.

ரத்தத்தை உறைய வைக்கும் நுண்ணிய அணுக்கள்தான் தட்டணுக்கள். ஆஸ்பிரின் தொட்ட தட்டணு சாகும்வரை செயலிழந்தே இருக்கும். தினமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் புதிதாக வரும். அதனால் ஒரு வாரம் நிறுத்தினால் ரத்தம் பெரும்பாலும் பழையபடி உறையத் தொடங்கிவிடும். ஈறில் வரும் ரத்தத்தை நான் விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம், தையல் போடலாம், ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தில் பஞ்சை நனைத்து வைக்கலாம். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். "பஞ்சைக் கடிச்சுக்கோங்க" என்றால் சிலருக்குப் பாதித்த பக்கம் பிடிப்பே இருக்காது. இரண்டு கன்னத்திலும் விரல் வைத்து, தாடைத் தசை புடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வேன். புடைக்காவிட்டால் நானே அழுத்திப் பிடிப்பேன். ரத்தம் உறையாமல் இருக்க வேறு விதத்தில் வேலை செய்யும் வார்ஃபரின் போன்ற மருந்துகளுக்குக் கணக்கு வேறு; நரம்பியல் டாக்டரிடம் பேசாமல் நான் எதையும் தொடுவதில்லை.

கோவை மகன்:

அம்மா மாத்திரையை எடுத்து வைத்ததைப் படித்ததும் எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்த ஸ்பிரின்ட் இந்தியா ஆய்வில் அவர் இருந்தார். 31 ஆஸ்பத்திரிகள், 4298 பேர். பாதிப் பேருக்குக் குறுஞ்செய்தி, காணொளி, கைப்புத்தகம் எல்லாம் அவரவர் மொழியில்; மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. "மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று செய்தி வந்தால் அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிப்பார்.

முடிவு 2023-ல் வந்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. ஓராண்டுக்குள் மறுபடி ஸ்ட்ரோக், மாரடைப்பு, மரணம் போன்றவை செய்தி பெற்றவர்களில் 5.5 சதவீதம், பெறாதவர்களில் 4.9. பலன் இல்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆனால் பீடி, குடியை விட்டவர்களும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும் செய்தி வந்த பக்கத்தில்தான் அதிகம். என் அப்பா பீடியை விட்டார். அந்த ஒரு வருடம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தஞ்சாவூர் மகள்:

எழுதியவர்களுக்கு நன்றி. போன மாதம் அப்பாவுக்கு இன்னொரு பல் எடுக்க வேண்டி வந்தது. இந்தத் தடவை வேறு டாக்டர். நரம்பியல் டாக்டரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கிப் போனேன். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. இரண்டு தையல். அப்பாவுக்கு வலது பக்கம் கடிக்க வராததால் பஞ்சை நான்தான் முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டு மணி வரை எச்சிலில் லேசாகச் சிவப்பு இருந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஆறின கஞ்சியைக் கொடுத்துவிட்டு ஆஸ்பிரினையும் கொடுத்தேன்.